கோப்பு சரி, இயந்திரமும் சரி, அப்புறம் ஏன் விரிசல்? வீட்டில் கட்டும் விமானங்களும் கணினி வரைபட வெட்டும்

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் இருக்கும் வேன்ஸ் ஏர்கிராஃப்ட், சொந்தமாக விமானம் கட்டுபவர்களுக்குப் பாகத் தொகுப்புகள் விற்கிற நிறுவனம். அதன் ஆர்வி வகை விமானங்கள் பத்தாயிரத்துக்கும் மேல் கட்டி முடிக்கப்பட்டுப் பறந்திருக்கின்றன. 2023-ல் அந்த நிறுவனம் அனுப்பிய அலுமினியப் பாகங்கள் சிலவற்றில், தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளுக்கான துளைகளின் ஓரத்தில் மெல்லிய விரிசல்கள் தென்பட்டன. எல்லாம் லேசரில் வெட்டப்பட்ட பாகங்கள். அந்த ஆண்டு டிசம்பரில் நிறுவனம் கடன் மறுசீரமைப்புக்காக நீதிமன்றத்தை நாடியது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், இந்தப் பாகங்கள் பெரிய பங்கு வகித்தன.

பலருக்கும் குழப்பம் இங்கேதான். கணினியில் வரைந்த படம் துல்லியமானது. லேசரும் தலைமுடி அகலத்துக்குத் தவறாமல் வெட்டக்கூடியது. இரண்டும் சரியாக இருக்கும்போது பாகம் எப்படித் தவறாகும்?

சுருக்கமான பதில்: வெட்டுக் கோப்பில் இருப்பது வெளிக்கோடு மட்டும். எந்த உலோகம், அது எந்தத் திசையில் உருட்டப்பட்டது, ஓரம் எப்படி இருக்க வேண்டும், எங்கே மடியும், எதை முதலில் வெட்ட வேண்டும் என்பதெல்லாம் அதற்கு வெளியே இருக்கின்றன. விமானப் பாகங்களில் கோளாறு வருவது பெரும்பாலும் அந்த வெளியில் இருக்கும் விஷயங்களில்தான். இதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

கோப்புக்குள் என்ன இருக்கிறது

வெட்டும் பட்டறைகள் பொதுவாகக் கேட்பது டிஎக்ஸ்எஃப் கோப்பு. ஆட்டோடெஸ்க் நிறுவனம் 1982-ல் ஆட்டோகேட் மென்பொருளின் முதல் பதிப்போடு வெளியிட்ட வடிவம் இது. ஒரு மென்பொருளில் வரைந்ததை இன்னொன்றில் திறக்க வேண்டும் என்பதற்காக வந்தது. உள்ளே இருப்பது வெறும் எண்கள்: ஒரு வட்டம் என்றால் மையத்தின் இரண்டு ஆயங்கள், ஓர் ஆரம், ஒரு கோடு என்றால் இரண்டு முனைகள். அவ்வளவுதான்.

இந்த எளிமையால்தான் எல்லா இயந்திரமும் அதைப் படிக்கிறது. வழக்கமான சிக்கல்களும் அதிலிருந்தே வருகின்றன:

1. அலகு. பழைய டிஎக்ஸ்எஃப் பதிப்புகளில் எண் மட்டுமே உண்டு. அது மில்லிமீட்டரா அங்குலமா என்று எழுதியிருக்காது. பிந்தைய பதிப்புகளில் அலகைக் குறிக்க ஓர் இடம் இருந்தாலும் பல மென்பொருள்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. பாகம் 25.4 மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ வந்து நிற்கும். இது பயப்பட வேண்டிய தவறே கிடையாது, பார்த்தவுடன் தெரிந்துவிடும். காகித வரைபடத்தை ஸ்கேன் செய்ததில் நுழைந்த 1 சதவீதப் பிழைதான் ஆபத்து. இறக்கைக்கு வடிவம் தரும் ஒன்றரை மீட்டர் நீளச் சட்டத்தில் (ரிப்) அது 15 மில்லிமீட்டர்.

2. மூடாத கோடுகள். கண்ணுக்கு ஒட்டியிருப்பதாகத் தெரியும் இரண்டு கோடுகளுக்கு நடுவே நூலளவு இடைவெளி இருந்தால், எது உள்ளே எது வெளியே என்று மென்பொருளுக்குத் தெரியாது.

3. இரட்டைக் கோடுகள். ஒரே கோடு ஒன்றன்மேல் ஒன்றாக இருமுறை இருந்தால் இயந்திரம் இருமுறை வெட்டும். லேசரில் ஓரம் தேவையில்லாமல் சூடாகும்.

4. அடுக்குகள். மடிப்புக் கோடும் பாக எண்ணும் வெட்டுக்கோட்டின் அடுக்கிலேயே இருந்தால், பட்டறை அவற்றையும் வெட்டித் தள்ளிவிடும். மடிக்க வேண்டிய தகடு இரண்டு துண்டாக வந்து சேரும்.

பட்டறைக்கு அனுப்பும் ஒவ்வொரு கோப்பிலும் ஓரமாக 100 மில்லிமீட்டர் சதுரம் ஒன்றை வரைந்து வைப்பது நல்ல பழக்கம். முதல் பிரதியை முழு அளவில் காகிதத்தில் அச்சிட்டோ, மலிவான எம்டிஎஃப் பலகையில் வெட்டியோ, அந்தச் சதுரத்தை அளந்து பார்த்தால் மேலே சொன்ன அலகுச் சிக்கல் அங்கேயே தீரும்.

கோடு எப்படி வெட்டாகிறது

வரைந்த கோட்டுக்கு அகலம் கிடையாது. வெட்டும் கருவிக்கு உண்டு. கருவி தின்றுவிடும் அந்த அகலத்தைக் கெர்ஃப் என்பார்கள். மெல்லிய தகட்டில் லேசரின் கெர்ஃப் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு. உயரழுத்த நீர்த்தாரையால் வெட்டும் வாட்டர்ஜெட் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தின்னும். சுழலும் வெட்டுமுனையுள்ள ரௌட்டரில் அது அந்த முனையின் விட்டமேதான், உதாரணமாக 3 மில்லிமீட்டர்.

ஆகவே கருவி, வெளிவிளிம்பில் கோட்டுக்கு வெளியே பாதிக் கெர்ஃப் தள்ளியும், துளையில் உள்ளே பாதிக் கெர்ஃப் தள்ளியும் ஓட வேண்டும். இந்த ஈடுகட்டலைச் செய்வது, வரைபடத்தை இயந்திரத்தின் வெட்டுப் பாதையாக மாற்றும் கேம் (CAM) மென்பொருள். வரைந்தவர் பெரும்பாலும் அதைப் பார்ப்பதே இல்லை. வரைபவர் நல்லெண்ணத்தோடு தானே ஒரு தடவை ஈடுகட்டி அனுப்ப, பட்டறையும் வழக்கப்படி இன்னொரு தடவை ஈடுகட்டிவிடுவதும் நடக்கிறது. கோப்பில் உண்மையான, முடிந்த அளவை மட்டும் வைத்து, "ஈடுகட்டவில்லை" என்று எழுதி அனுப்புவதே சரி.

இறக்கை வளைவில் ஒளிந்திருப்பவை

ரிப் என்பது இறக்கைக்கு அதன் குறுக்குவெட்டு வடிவத்தைக் கொடுக்கிற சட்டம். அந்த வடிவத்தைப் புள்ளிகளின் பட்டியலாக எடுத்துக்கொள்ளலாம். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகம் இப்படிப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்களின் ஆயங்களைப் பொதுவில் வைத்திருக்கிறது. பட்டியலை இறக்கினோம், நாண் நீளத்தால் (இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையான நீளம்) பெருக்கினோம், வெட்டினோம் என்று இருந்தால் எவ்வளவு சௌகரியம்! இடையில் இரண்டு பொறிகள் இருக்கின்றன.

முதலாவது, புள்ளிகளை இணைக்கும் விதம். பழைய டிஎக்ஸ்எஃப் பதிப்பான ஆர்12-ல் மென்வளைவு என்ற வகையே இல்லை; வளைவுகள் சின்னச் சின்ன நேர்கோடுகளாக உடைக்கப்படும். நாகா 4412 என்ற இறக்கை வடிவத்தை எடுத்துக்கொள்வோம். நாண் 1500 மில்லிமீட்டர் என்றால் மூக்கின் (முன்விளிம்பின்) ஆரம் ஏறக்குறைய 24 மில்லிமீட்டர். அங்கே 6 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்தால், ஒவ்வொரு நேர்கோட்டின் நடுவிலும் உண்மையான வளைவிலிருந்து 0.2 மில்லிமீட்டர் உள்ளே விழும். பெரிய அளவு இல்லைதான். ஆனால் மூக்கைச் சுற்றி மெல்லிய பலகையை வளைத்து ஒட்டும்போது அந்த முனைகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். பின்பகுதியில் 30 மில்லிமீட்டர் இடைவெளிகூடத் தொல்லை தராது. அதனால் புள்ளிகள் மூக்கில் நெருக்கமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது பொறி மோசமானது. ரிப்பின் மேல் தோல் வரும். அந்தத் தோலின் வெளிப்பரப்புதான் நாகா 4412 ஆக இருக்க வேண்டும்; ரிப் அதைவிடத் தோல் தடிமன் அளவுக்கு உள்ளே இருக்க வேண்டும். தோல் 1.5 மில்லிமீட்டர் என்றால் ரிப்பின் தடிமன் மேலும் கீழுமாக 3 மில்லிமீட்டர் குறைய வேண்டும். சிலர் மொத்த வடிவத்தையும் நாண் 3 மில்லிமீட்டர் குறையும்படி சுருக்கிவிடுகிறார்கள். 1500-ல் 3 என்பது 0.2 சதவீதம். 180 மில்லிமீட்டர் தடிமனில் அது 0.36 மில்லிமீட்டர்தான். இறக்கை இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் பருத்துவிடும். ரிப்புக்கு ரிப் நாண் மாறுகிற கூம்பிறக்கையில் இந்தப் பிழையின் விகிதமும் இடத்துக்கு இடம் மாறும். செய்ய வேண்டியது சுருக்கல் கிடையாது, விளிம்புக்குச் செங்குத்தாக உள்தள்ளல்.

உலோக ரிப்பை அச்சுக்கட்டையின் மேல் தட்டி உருவாக்குபவர்கள் இதோடு ரிப் தகட்டின் தடிமனையும் கழிக்க வேண்டும். தோலும் ரிப்பும் தலா 0.6 மில்லிமீட்டர் என்றால் அச்சுக்கட்டை 1.2 மில்லிமீட்டர் உள்ளே போக வேண்டும்.

மடியும் பாகங்கள்

தட்டையாக வெட்டிப் பிறகு மடிக்கும் பாகத்தில், வெட்டுக் கோப்பில் இருக்கும் நீளமும் மடித்த பின் வரும் நீளமும் ஒன்றாக இராது. மடிப்பின் வெளிப்பக்கம் இழுபடும், உட்பக்கம் நசுங்கும். இரண்டுக்கும் நடுவே நீளம் மாறாத ஓர் அடுக்கு உண்டு. அது தகட்டின் சரியான நடுவில் இல்லாமல் சற்று உட்புறமாக இருக்கும். விமானத் தகடு வேலையில் பல பத்தாண்டுகளாகப் பயன்படும் சூத்திரம் இது:

மடிப்பு நீளம் = (0.01743 × உள் ஆரம் + 0.0078 × தடிமன்) × மடிப்புக் கோணம்

0.8 மில்லிமீட்டர் தகடு, 3 மில்லிமீட்டர் உள் ஆரம், 90 பாகை மடிப்பு என்று போட்டுப் பார்த்தால் 5.27 மில்லிமீட்டர் வரும். வெளி அளவுகளைக் கூட்டும்போது அதே மூலைக்கு 7.6 மில்லிமீட்டர் கணக்கில் சேர்ந்திருக்கும். ஆக ஒவ்வொரு மடிப்புக்கும் 2.33 மில்லிமீட்டர் கழிக்க வேண்டும். 20, 60, 20 என்ற வெளி அளவுள்ள யு வடிவச் சட்டத்துக்குத் தட்டைத் தகடு 100 இல்லை, 95.34 மில்லிமீட்டர்.

கோப்பை வரைந்தவர் 3 மில்லிமீட்டர் ஆரத்தை நினைத்துக் கணக்குப் போட்டிருக்க, உங்கள் மடிப்பு இயந்திரத்தின் தாடை 2 மில்லிமீட்டர் ஆரத்தில் இருந்தால் அந்தக் கணக்கு அப்படியே பொய்யாகிவிடும். அளவு மாறுவது ஒருபுறம். 2024-டி3 (எண் கலவையின் பெயர்) போன்ற கடின அலுமினியக் கலவையைக் கூர்மையாக மடித்தால் மடிப்பிலேயே விரிசல் விழும் என்பது அதைவிடப் பெரிய விஷயம். ஒரே கோப்பு ஒருவருக்குச் சரியாகவும் இன்னொருவருக்குத் தவறாகவும் இருக்க முடிவது இதனால்தான்.

எதனால் வெட்டுவது

1. ரௌட்டர். வீட்டில் வைத்துக்கொள்ளத்தக்கது. மெல்லிய அலுமினியத்தையும் பிளைவுட்டையும் நன்றாக வெட்டும். துகள் தடையில்லாமல் வெளியேறினால் ஓரத்துக்குச் சூட்டுக்காயம் இல்லை. துகள் சிக்கினால் அலுமினியம் கருவியில் அப்பிக்கொண்டு ஓரத்தைக் குதறிவிடும். வெட்டி முடிக்கும் தருணத்தில் பாகம் நகராமல் இருக்கச் சின்னப் பிடிப்புகளை விட்டு வைத்து, பிறகு அரத்தால் சீவி எடுக்க வேண்டும்.

2. வாட்டர்ஜெட். சூடே இல்லாததால் 2024 கலவைக்கும் தடித்த தகட்டுக்கும் ஏற்றது. ஓரம் லேசாகச் சாய்ந்திருக்கும். சிறு துளைகள் உருண்டையாக வராது. துளையைச் சிறிதாக வெட்டச் சொல்லிவிட்டு டிரில்லால் முழு அளவுக்குத் திறப்பது வழக்கம். பிளைவுட்டையும் இழைக்கலவைகளையும் ஜெட் முதலில் துளைத்து இறங்கும் இடத்தில் அடுக்குகள் பிரியலாம். அந்த முதல் துளை பாகத்துக்கு வெளியே, கழிவுப் பகுதியில் விழ வேண்டும்.

3. லேசர். வேகமானது, கெர்ஃப் மிகக் குறைவு. ஆனால் அது உலோகத்தை உருக்கி வெட்டுகிறது. உருகி மறுபடி உறைந்த மெல்லிய படலம் ஓரத்தில் தங்கும். 2024 கலவையை உருக்கிப் பற்றவைக்கக் கூடாது என்பார்கள், உறையும்போது விரிசல் விடும் குணம் அதற்கு உண்டு. லேசர் ஓரத்தில் நடப்பதும் அதுவே, சிறிய அளவில். மரத்தில் சிக்கல் வேறு மாதிரி: கருகிய ஓரத்தில் பசை பிடிக்காது. இறக்கையின் நீளவாக்கு முதன்மைச் சட்டமான ஸ்பாரோடு ரிப் ஒட்டும் முகங்களில் கருக்கல் முழுவதையும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்தாக வேண்டும். அப்படித் தேய்ப்பதற்கான கூடுதல் அளவைக் கோப்பிலேயே விட்டிருக்க வேண்டும்.

4. பிளாஸ்மா. மிகச் சூடான வாயுத்தாரையால் உருக்கும் முரட்டு வெட்டு. 4130 எஃகுத் தகடுகளுக்குப் பயன்படுத்தினால் ஓரம் கடினமாகி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். ஓரிரு மில்லிமீட்டர் மிச்சம் விட்டு வெட்டிப் பிறகு சாணை பிடித்து எடுக்கலாம். அலுமினியத் தோலுக்கு இது பக்கத்தில்கூட வரக் கூடாது.

2023-ல் அந்தத் துளைகளில் நடந்தது

வழக்கமாக வேன்ஸ் தன் தகடுகளின் துளைகளைப் பஞ்ச் இயந்திரத்தில் குத்தி எடுக்கும். கோவிட் காலத்தில் ஆர்டர்கள் குவிந்ததால் ஒரு பகுதியை வெளியே லேசரில் வெட்டக் கொடுத்தது. கோப்பில் அதே வட்டம்தான், அதே விட்டம்தான்.

லேசர் ஒரு வட்டத்தை வெட்டும்போது கதிர் எங்கோ ஓரிடத்தில் வட்டத்துக்குள் நுழைந்து, சுற்றி வந்து, அதே இடத்தில் முடிக்க வேண்டும். தொடங்கி முடியும் அந்தப் புள்ளியில் சூடு கொஞ்சம் அதிகமாகத் தங்கி ஒரு சிறு பள்ளம் விழுகிறது. விரலால் தடவினால் மட்டுமே தெரியக்கூடிய அளவு. இதோடு நின்றிருந்தால் டிரில்லை ஒருமுறை ஓட்டிப் பள்ளத்தை அழித்துவிடலாம்.

அடுத்த படி டிம்பிள். மெல்லிய தோலில் ரிவெட் தலை வெளியே துருத்தாமல் இருக்க, துளையைச் சுற்றியுள்ள தகட்டை 100 பாகை கூம்பு வடிவில் அழுத்திக் குழிப்பார்கள். அப்போது துளையின் விளிம்பு நாலாபக்கமும் இழுபடும். சீரான விளிம்பு என்றால் இழுப்பு சமமாகப் பரவும். ஒரே ஓரிடத்தில் பள்ளம் இருந்தால் இழுப்பு முழுவதும் அங்கே குவியும். விரிசல் அங்கிருந்து கிளம்பியது.

நிறுவனம் சோர்வுச் சோதனைகள் (பாகத்தின் மேல் மீண்டும் மீண்டும் சுமையேற்றிப் பார்ப்பவை) நடத்தி, பல பாகங்கள் பாதுகாப்பாகவே வேலை செய்யும் என்று அறிவித்தது. ஆனாலும் விரிசல் விட்ட துளையை வைத்துக்கொண்டு இறக்கையை மூடுவதற்கு எத்தனை பேருக்கு மனம் வரும்? மாற்றுப் பாகங்கள் தர வேண்டியதாயிற்று. அந்தச் செலவும் சேர்ந்து நிறுவனத்தை நீதிமன்றம் வரை கொண்டுபோனது. 2024-ல் அது மறுசீரமைப்பிலிருந்து மீண்டது.

கவனிக்க வேண்டியது, பிழை இருந்த இடம். வட்டம் சரி, விட்டம் சரி. கதிர் எந்தப் புள்ளியில் வட்டத்தைத் தொட வேண்டும் என்பதை டிஎக்ஸ்எஃப் சொல்வதில்லை. கேம் மென்பொருளை இயக்குபவர் தீர்மானிக்கிறார். அந்தத் துளை பின்னால் டிம்பிள் ஆகப்போகிறது என்று அவருக்குத் தெரிவிக்கும் எதுவும் கோப்பில் எழுதப்பட்டிருக்காது.

கைப்பழக்கம் செய்துவந்த வேலைகள்

பழைய காகித வரைபடங்கள் ஒரு கைவேலைக்காரரை நம்பி எழுதப்பட்டவை. உள்மூலை ஒன்றைக் கத்தரிக்கும் முன் அவர் அந்த மூலையில் ஒரு துளை போடுவார். வெட்டு அந்தத் துளையில் முடியும், மூலை தானாக உருண்டையாகிவிடும். வரைபடத்தில் மூலை கூராகவே இருக்கும், யாரும் அதைப் பொருட்படுத்தியதில்லை. அதே வரைபடத்தைக் கோப்பாக்கி லேசருக்குக் கொடுத்தால், அது சொன்னபடி கூர்மூலையை வெட்டிக் கொடுக்கும். அதிர்வில் விரிசல் தொடங்க அதைவிட வசதியான இடம் வேறில்லை. மடிப்புகள் சந்திக்கும் மூலைகளில் போடும் விடுப்புத் துளைகளுக்கும் இதே கதிதான். கோப்பில் ஒவ்வொரு உள்மூலைக்கும் ஆரம் எழுதியே ஆக வேண்டும்.

உருட்டிய திசை இன்னொன்று. அலுமினியத் தகடு உருட்டி எடுக்கப்படுவதால் அதற்கு ஒரு திசை உண்டு. மடிப்புக்கோடு அந்தத் திசைக்குக் குறுக்கே போனால் தகடு தாங்கும். இணையாகப் போனால் விரிசலுக்கு வாய்ப்பு அதிகம். பிளைவுட்டிலும் வெளி இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் பொறுத்து வலிமை மாறும். பட்டறையின் மென்பொருளோ தகடு வீணாகக் கூடாது என்று பாகங்களைத் திருப்பித் திருப்பி அடுக்கும். அதற்கு எல்லாத் திசையும் ஒன்றுதான். "இந்தப் பாகத்தைத் திருப்பக் கூடாது" என்று தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு அம்புக்குறியும் போட்டுவிடலாம், ஆனால் வெட்டாத அடுக்கில்.

பிறகு அடையாளம். முழுத் தகட்டின் மேல் கலவையின் பெயர் அச்சாகியிருக்கும். நாற்பது துண்டுகளாக வெட்டியபின் அது சிலவற்றில் மட்டும் மிஞ்சும். 2024-டி3, 6061-டி6 இரண்டையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது, வலிமை வேறு. வெட்டிய உடனே மார்க்கர் பேனாவால் எழுதிவிட வேண்டும். பென்சில் வேண்டாம், அதன் கிராஃபைட் அலுமினியத்தை அரிக்கும்.

ஓரத்தைச் சீராக்குவதும் கோப்பில் இல்லை. எந்த முறையில் வெட்டினாலும் பிசிறு எடுத்து, குறுக்குக் கீறல்கள் மறையும்வரை ஓரத்தைத் தேய்த்தாக வேண்டும். வெட்டுவதைவிட இதற்கு அதிக நேரம் போகும். இயந்திரம் வந்ததால் வேலை பாதியாகிவிடும் என்று கணக்குப் போடுபவர்கள் விட்டுவிடுவது இதைத்தான்.

காகிதத்திலிருந்து கோப்பு

வடிவமைப்பாளரே கோப்பு தருவது ஒரு வகை. வேறொரு கட்டுநர் காகிதத்தைப் பார்த்து மறுபடி வரைந்தது இன்னொரு வகை. இரண்டாவதில் கூடுதல் எச்சரிக்கை தேவை.

கையால் வரைந்த பழைய திட்டங்களில் அளவுகள் ஒன்றோடொன்று பொருந்தாத இடங்கள் இருக்கும். மூன்று துண்டு அளவுகளைக் கூட்டினால் மொத்த அளவு வராது. கணினியில் வரையும்போது இது உடனே பிடிபடும், அது நல்லதே. ஆனால் மறுபடி வரைபவர் எதையாவது ஒன்றைச் சரி என்று எடுத்துக்கொண்டுதான் மேலே போக முடியும். அவர் எடுத்த முடிவு கோப்பில் ஒரு சுத்தமான கோடாக நிற்கும். அங்கே ஐயம் இருந்தது என்பதற்குத் தடயமே இருக்காது. "பொருத்திப் பார்த்து வெட்டவும்" என்ற குறிப்புள்ள பாகங்களையும் கோப்பு ஒரே அளவாக நிறுத்திவிடுகிறது.

வடிவமைப்பாளர் பின்னாளில் ஒரு பொருத்துத் தகட்டின் தடிமனைக் கூட்டித் திருத்தம் வெளியிட்டிருக்கலாம். கோப்பு அதற்கு முன் வரையப்பட்டதா பின்னா என்று தேதி பார்த்துச் சரிபார்க்க வேண்டும். உரிமமும் கவனத்துக்குரியது: திட்டங்கள் பொதுவாக ஒரு விமானம் கட்டும் உரிமையோடு, வரிசை எண்ணிட்டு விற்கப்படுகின்றன. அதிலிருந்து கோப்பு செய்து உங்கள் விமானத்துக்கு வெட்டிக்கொள்வது ஒன்று, அதை மற்றவர்களுக்குக் கொடுப்பது வேறொன்று.

யார் வெட்டினார்கள் என்ற கேள்வி

அமெரிக்காவில் இவ்வகை விமானங்கள் பதிவாகும் பிரிவுக்கு ஒரு நிபந்தனை உண்டு: விமானத்தின் பெரும்பகுதியைத் தன் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டும் இந்த வேலையில் இறங்கியவர்களே உருவாக்கிப் பொருத்தியிருக்க வேண்டும். பேச்சுவழக்கில் 51 சதவீத விதி. கணக்கு எடையிலோ மணிநேரத்திலோ இல்லை; வேலைகளின் பட்டியலை வைத்து எடுக்கப்படுகிறது.

காசு கொடுத்துப் பட்டறையில் வெட்டிய பாகங்கள், கட்டுநர் உருவாக்கியவையாகச் சேராது. விற்பனைத் தொகுப்புகளைப் பொறுத்தவரை இந்த மதிப்பீட்டை அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் (எஃப்ஏஏ) முன்பே செய்து பட்டியலிட்டிருக்கும். திட்டத்தை மட்டும் வாங்கி, ரிப், தடுப்புச் சட்டம், பொருத்துத் தகடு, தோல் என்று எல்லாவற்றையும் வெளியே வெட்டக் கொடுப்பவருக்கு அந்த வசதி இல்லை. அவர் தன் பட்டியலைத் தானே கூட்டிப் பார்க்க வேண்டும், அதுவும் முதல் தகட்டுக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே. வெட்டிய பாகங்களைப் பின்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. பட்டறை ரசீதும் கட்டுமானக் குறிப்பேட்டில் இருக்கும்.